ஒரு ஊசி, இரண்டு ஊசி, அம்மாவுக்கு ஒரு பரிசோதனை

கையில் பத்து லட்சம் டோஸ் இருக்கிறது. ஊசி போட வேண்டிய வயதில் பத்து லட்சம் பெண்பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆளுக்கு இரண்டு என்றால் ஐந்து லட்சம் பேரோடு மருந்து தீர்ந்துவிடும். ஆளுக்கு ஒன்று என்றால் எல்லோருக்கும் வரும். ஒன்று போதுமா என்பதுதான் சிக்கல்.

எண்கள் நான் கணக்குக்காக வைத்துக்கொண்டவை. ஆனால் கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. தடுப்பூசியை வைத்துக்கொண்டு பல நாடுகளின் சுகாதாரத் துறைகள் வருடக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்ட கணக்கு இதேதான். மேலோட்டமாகப் பார்த்தால் மருத்துவக் கேள்வி. கிட்டே போனால் பந்தி பரிமாறுகிற கேள்வி. முதல் பந்தியில் உட்கார்ந்தவர்களுக்கு இரண்டாம் தடவை பரிமாறுவதா, வாசலில் நிற்பவர்களையும் உள்ளே கூப்பிடுவதா?

2022-ல் உலகம் முழுக்கச் சுமார் 6,60,000 பெண்களுக்கு இந்தப் புற்றுநோய் வந்தது. சுமார் 3,50,000 பேர் இறந்தார்கள். இறந்தவர்களில் 94 சதவீதம் பேர் ஏழை நாடுகளையும் நடுத்தர வருமான நாடுகளையும் சேர்ந்தவர்கள். இந்தியாவில் மட்டும் அந்த ஒரு வருடத்தில் ஏறக்குறைய 80,000 பேர் இறந்தார்கள். இத்தனைக்கும் இது காரணம் தெரிந்த நோய். எச்.பி.வி. என்ற வைரஸ்தான் காரணம். அதிலும் 16, 18 என்று எண்ணிட்ட இரண்டு வகைகள் மட்டும் சுமார் 70 சதவீத நோய்க்குப் பொறுப்பு. தடுப்பூசி 2006-லேயே வந்துவிட்டது. அமெரிக்காவில் அப்போது ஒரு டோஸ் 120 டாலர், மொத்தம் மூன்று டோஸ். நோய் ஏற்கெனவே குறைந்திருந்த, நோயை முன்கூட்டியே கண்டுபிடிக்கும் பரிசோதனை வசதி ஊருக்கு ஊர் இருந்த நாடுகளுக்குத்தான் அது முதலில் போய்ச் சேர்ந்தது. நோய் எங்கே அதிகமோ அங்கே கடைசியில் போனது.

விலை பிறகு இறங்கியது. 2013-ல் ‘கவி’ தடுப்பூசிக் கூட்டமைப்பு (தமிழில் எழுதினால் கவிஞர் சங்கம் மாதிரி இருக்கிறது, என்ன செய்ய) ஏழை நாடுகளுக்கு டோஸ் 4.50 டாலர் என்று பேசி முடித்தது. 2014-ல் உலக சுகாதார நிறுவனம் 9 முதல் 14 வயதுப் பிள்ளைகளுக்கு மூன்று வேண்டாம், இரண்டு போதும் என்றது. அப்படியும் மருந்து பற்றவில்லை. 2019-ல் நிறுவனத்தின் நிபுணர் குழு, ஆண்பிள்ளைகளுக்கும் வயதில் மூத்த பெண்களுக்கும் போடுவதைக் கொஞ்ச நாள் தள்ளிவையுங்கள் என்று நாடுகளைக் கேட்டுக்கொள்ளும் அளவுக்குத் தட்டுப்பாடு. 2020-ல் உலக அளவில் இரண்டு டோஸும் போட்டுக்கொண்ட சிறுமிகள் 13 சதவீதம்தான்.

இப்போது ஒரு நாட்டுக்கோ மாநிலத்துக்கோ முன்னால் இருக்கும் வழிகளைப் பார்ப்போம். இரண்டு டோஸ் திட்டத்தையே தொடரலாம். ஒரு டோஸுக்கு மாறலாம். ஊசிக்குப் போகும் பணத்தில் பெரும்பகுதியைப் பரிசோதனைக்குத் திருப்பலாம். இன்னும் உறுதியான ஆய்வு வரட்டும் என்று காத்திருக்கலாம். நான்கும் நான்கு வெவ்வேறு பெண்களுக்குச் சாதகமானவை. அதை மறந்துவிட்டு ஒப்பிட்டால் கணக்கு தப்பும்.

இரண்டு டோஸ் வழிக்கு வலுவான வாதம் உண்டு. ஒரு டோஸ் போட்டவர்களின் ரத்தத்தில் எதிர்ப்புப் பொருளின் அளவு இரண்டு டோஸ் போட்டவர்களைவிடக் குறைவு. இது எல்லா ஆய்விலும் தெரிந்த விஷயம், யாரும் மறுக்கவில்லை. பள்ளிச் சுகாதாரம் நன்றாக நடக்கும் இடத்தில் இரண்டாவது டோஸ் பெரிய பாரமும் இல்லை. ருவாண்டா 2011-ல் மூன்று டோஸ் காலத்திலேயே 93 சதவீதப் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டியது. சிக்கிம் 2018-ல் இரண்டு டோஸ் திட்டத்தில் 95 சதவீதத்தைத் தாண்டியது. இலங்கை 2017 முதல் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இரண்டு டோஸாகவே தொடங்கியது. ஆகவே, ‘ஏழை நாட்டில் இரண்டாவது ஊசி நடக்காத காரியம்’ என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

நடக்கும். ஆனால் எல்லா ஊரும் சிக்கிம் இல்லை. பள்ளியில் ஊசி போடும் நாளைப் பக்கத்திலிருந்து பார்த்தவர்களுக்கு இது புரியும். நம் ஊரில் 10 வயதிலும் 16 வயதிலும் போடும் டி.டி. ஊசியையே எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் செவிலியர் நீலநிற ஐஸ் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு வருவார். உள்ளே நான்கு ஓரத்திலும் ஐஸ் கட்டிப் பைகள், நடுவில் மருந்துக் குப்பிகள். வகுப்பு வாரியாகப் பட்டியல். முதல் பிள்ளை அழுதால் பின்னால் நிற்கும் பத்துப் பிள்ளைகளுக்கும் வயிற்றைக் கலக்கும். ஒருத்தி மயங்கி விழுந்தால் அன்றைக்கு அந்த வகுப்பே கலைந்துவிடும். ஊசி போட்ட பிறகு அரை மணி நேரம் பெஞ்சில் உட்கார வைத்துப் பார்க்க வேண்டும். அன்றைக்கு வராத பிள்ளைகளைத் தேடித் தனியாகப் போக வேண்டும். இதெல்லாம் ஒரு டோஸுக்கு. ஆறு மாதம் கழித்து அதே பட்டியலோடு போனால் சிலர் பள்ளி மாறியிருப்பார்கள், சிலர் அம்மா அப்பாவோடு செங்கல் சூளைக்கோ கரும்பு வெட்டவோ போயிருப்பார்கள், ஒன்றிரண்டு பேர் படிப்பையே நிறுத்தியிருப்பார்கள். அந்த ஒன்றிரண்டு பேர்தான் பின்னாளில் பரிசோதனைக்கும் வரமாட்டார்கள். இரண்டாவது டோஸ் யாரைத் தவறவிடுகிறதோ, அவர்களைத்தான் மற்ற எல்லாத் திட்டமும் தவறவிடுகிறது.

ஏழைகள் வீட்டில்தான் இது நடக்கும் என்றும் இல்லை. காசு கொடுத்துத் தனியாரிடம் ஊசி போட்ட எங்கள் வீட்டிலேயே, அக்கா மகளின் இரண்டாவது டோஸ் பத்தாம் வகுப்புப் பரீட்சை, அப்புறம் பாட்டி ஊர், அப்புறம் காய்ச்சல் என்று தள்ளித் தள்ளி ஒன்பதாவது மாதம்தான் போட முடிந்தது. மறந்துபோனது நாங்கள்தான், வேறு யாரும் இல்லை.

சரி, ஒரு டோஸ் போதும் என்று எப்படித் தெரியும்? இங்கேதான் கதை நம் பக்கம் வருகிறது.

2009 செப்டம்பரில், பிரான்சின் லியோன் நகரில் இருக்கும் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை, இந்தியாவில் ஒரு பெரிய ஆய்வைத் தொடங்கியது. மூன்று டோஸா, இரண்டு டோஸா என்பதுதான் அப்போதைய கேள்வி. 10 முதல் 18 வயதுள்ள மணமாகாத 20,000 பெண்களைச் சேர்த்து, குலுக்கல் முறையில் இரண்டு பிரிவாகப் பிரிப்பது திட்டம். ஆய்வு நடந்த இடங்களில் ஒன்று, திண்டுக்கல் மாவட்டம் ஒட்டன்சத்திரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அம்பிளிக்கை. ஒரு டோஸ் என்ற பேச்சே அந்தத் திட்டத்தில் கிடையாது.

அதே சமயம் அப்போதைய ஆந்திராவின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வதோதராவிலும் வேறொரு அமைப்பு தனியாக ஒரு எச்.பி.வி. ஊசித் திட்டம் நடத்திக்கொண்டிருந்தது. அங்கே ஊசி போட்ட பிள்ளைகளில் ஏழு பேர் இறந்ததாகச் செய்தி வந்தது. விசாரணையில், பாம்புக்கடி, நீரில் மூழ்கியது, பூச்சிமருந்து, மலேரியா என்று காரணங்கள் வெளிவந்தன; ஊசிக்குத் தொடர்பு இருப்பதாகத் தெரியவில்லை. ஆனால் அதே விசாரணை இன்னொன்றையும் வெளியே கொண்டுவந்தது. பல பழங்குடிப் பிள்ளைகளுக்குப் பெற்றோர் கையெழுத்தே வாங்கவில்லை. விடுதிக் காப்பாளர்கள் போட்ட கையெழுத்தில் வேலை முடிந்திருந்தது. 2013-ல் நாடாளுமன்ற நிலைக்குழு இதைக் கடுமையாகக் கண்டித்தது. அந்தக் கோபம் நியாயமானது. ஊசி நல்லது என்பதால் ஒப்புதல் வாங்காமல் போட்டது நல்லதாகிவிடாது.

2010 ஏப்ரலில் மத்திய அரசு எல்லா எச்.பி.வி. ஊசி ஆய்வுகளையும் நிறுத்தியது. அந்தத் திட்டத்தோடு சம்பந்தமே இல்லாத இந்த ஆய்வும் நின்றது. அதற்குள் 17,729 பேருக்கு ஊசி போட்டாகிவிட்டது. மூன்று டோஸும் முடித்தவர்கள் 4,348 பேர். திட்டப்படி இரண்டு முடித்தவர்கள் 4,979. பாதியில் நின்றதால் இரண்டோடு போனவர்கள் 3,452. முதல் ஊசியோடு நின்றுபோனவர்கள் 4,950. கடைசியில் சொன்ன இந்தப் பெண்களை யாரும் ஒரு டோஸுக்கென்று தேர்ந்தெடுக்கவில்லை. அவர்களுக்கு மிச்ச ஊசி வரவில்லை, அவ்வளவுதான்.

ஆய்வாளர்கள் மூட்டை கட்டிக்கொண்டு போகாமல் அவர்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். 2021-ல் முடிவு வெளியானது. சராசரியாக ஒன்பது வருடக் கண்காணிப்புக்குப் பிறகு, 16, 18 வகை வைரஸ் உடலில் நிலைத்துத் தங்குவதை ஒரு டோஸ் 95.4 சதவீதம் தடுத்திருந்தது. இரண்டு டோஸ் 93.1. மூன்று டோஸ் 93.3. புள்ளியியல் கண்ணால் பார்த்தால் மூன்றும் ஒன்றுதான். ஒரு டோஸ்காரர்களின் எதிர்ப்புப் பொருள் அளவு குறைவுதான். ஆனால் குறைந்த அந்த மட்டத்திலேயே வருடக்கணக்கில் நிலையாக நின்றது, போதுமானதாகவும் இருந்தது.

இதை அப்படியே எடுத்துக்கொண்டு கொள்கை எழுதியிருந்தால் அது அவசரம். ஒரு டோஸ்காரர்கள் குலுக்கலில் வந்தவர்கள் இல்லையே. அவர்கள் வேறு விதத்தில் வித்தியாசமானவர்களாக இருந்திருக்கலாம். கோஸ்டாரிகாவில் 2004-ல் தொடங்கிய, 7,466 பெண்கள் கலந்துகொண்ட ஆய்விலும் இதே மாதிரி முடிவு வந்திருந்தது. ஆனால் அங்கேயும் கர்ப்பம் போன்ற காரணங்களால் மிச்ச ஊசியைத் தவறவிட்டவர்களை வைத்துத்தான் கணக்கு. தற்செயலாகக் கிடைத்த சான்றுகள் இரண்டு சேர்ந்தாலும், இன்னொரு தடவை சரியாகப் பாருங்கள் என்றுதான் சொல்ல முடியும்.

சரியாகப் பார்த்தது கென்யா. ருவான் பர்னபாஸ் தலைமையில் நைரோபி, கிசுமு, திகா ஆகிய ஊர்களில் 15 முதல் 20 வயதுள்ள 2,275 பெண்களைக் குலுக்கலில் பிரித்தார்கள். ஆய்வின் பெயர் கென் ஷீ. சிலருக்கு ஒரே ஒரு டோஸ் எச்.பி.வி. ஊசி, ஒப்பீட்டுக் குழுவுக்கு மூளைக்காய்ச்சல் தடுப்பூசி. பதினெட்டு மாதத்தில் 97.5 சதவீதப் பாதுகாப்பு. ஒப்பீட்டுக் குழுவில் இருந்தவர்களுக்கும் பிறகு எச்.பி.வி. ஊசி போட்டார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தான்சானியாவின் முவான்சாவில் 930 சிறுமிகளிடம் ஒன்று, இரண்டு, மூன்று டோஸ்களை ஒப்பிட்ட இன்னொரு ஆய்வு, கென்யாவின் முடிவு 9 முதல் 14 வயதுப் பிள்ளைகளுக்கும் பொருந்துமா என்ற சந்தேகத்தைப் பெரும்பாலும் தீர்த்தது. இந்தியாவில் நீண்ட காலம், கென்யாவில் சரியான குலுக்கல், தான்சானியாவில் சரியான வயது: ஒன்றில் இல்லாதது மற்றொன்றில் இருந்தது. 2022 ஏப்ரலில் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு, 20 வயது வரை ஒன்றோ இரண்டோ எது வேண்டுமானாலும் போடலாம் என்றது. அந்த டிசம்பரில் நிறுவனமே அதை ஏற்றது.

அப்போது எழுந்த எதிர்ப்பை லேசாகத் தள்ளிவிடக் கூடாது என்று நினைக்கிறேன். ‘பணக்கார வீட்டுப் பிள்ளைக்கு இரண்டு, ஏழை வீட்டுப் பிள்ளைக்கு ஒன்றா? பற்றாக்குறைக்கு அறிவியல் பெயர் வைக்கிறீர்களா?’ ஏழை நாடுகளுக்குக் காலங்காலமாக மட்டமான சரக்கு வந்ததைப் பார்த்தவர்கள் கேட்ட கேள்வி இது. இதற்குப் பதில் ஆய்வறிக்கையில் வரவில்லை, நடப்பில் வந்தது. ஆஸ்திரேலியா 2023 பிப்ரவரியில் ஒரு டோஸுக்கு மாறியது. பிரிட்டன் அதே வருடம் செப்டம்பரில் மாறியது. இரண்டுமே காசில்லாமல் மாறியவை அல்ல. தன் பிள்ளைக்குப் போடாததை அடுத்த வீட்டுப் பிள்ளைக்குச் சிபாரிசு செய்கிறார்களா என்று பார்ப்பது எனக்குத் தெரிந்த நல்ல சோதனை. ஒரு டோஸ் அதில் தேறிவிட்டது.

முதலில் போட்ட கணக்குக்கு வருவோம். மருந்து அளவாக இருக்கும்போது, ஒரு டோஸின் பாதுகாப்பு இரண்டு டோஸின் பாதுகாப்பில் பாதிக்கு மேல் இருந்தாலே போதும், எல்லோருக்கும் ஒன்று போடுவதுதான் அதிகம் பேரைக் காப்பாற்றும். நமக்குக் கிடைத்திருப்பது பாதி இல்லை, கிட்டத்தட்ட முழுசு. நைஜீரியா 2023 அக்டோபரில் 77 லட்சம் சிறுமிகளை இலக்காக வைத்து ஒரு டோஸ் திட்டத்தைத் தொடங்க முடிந்ததற்குக் காரணம் இதுதான். இரண்டு டோஸ் என்றால் அந்த இலக்கைக் காகிதத்தில்கூட எழுதியிருக்க முடியாது.

அப்புறம், திருத்திக்கொள்ள முடிகிற தவறு எது, முடியாத தவறு எது என்றும் பார்க்க வேண்டும். ஒரு டோஸின் பலம் 20 வருடத்தில் தேய்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதைக் கண்டுபிடித்தவுடன் இரண்டாவது டோஸைப் போட்டுக்கொள்ளலாம். கனடாவின் கியூபெக் மாகாணம் இரண்டு டோஸ்களுக்கும் நடுவில் ஐந்து வருடம் விட்டுப் பார்த்ததே இந்த யோசனையில்தான். ஆனால் ஒரு டோஸும் போடாமல் விட்ட பெண்ணுக்கு 19 வயதில் வைரஸ் தொற்றி உடம்பில் தங்கிவிட்டால், பிறகு போடும் ஊசி அதை வெளியேற்றாது. ஆகவே காத்திருப்போம் என்ற நான்காவது வழியைப் பற்றி நான் அதிகம் எழுதப்போவதில்லை. பிள்ளைகள் நமக்காகப் பதினான்கு வயதிலேயே நின்றுகொண்டிருக்க மாட்டார்கள். கோஸ்டாரிகாவில் 20,000-க்கும் மேற்பட்ட சிறுமிகளைக் குலுக்கலில் பிரித்து ஐந்து வருடம் கண்காணித்த ஆய்வு, ஒரு டோஸ் இரண்டு டோஸுக்குச் சளைத்ததல்ல என்று 2025 டிசம்பரில் சொன்னது. அதுவரை காத்திருந்த நாடுகள் இழந்தது மூன்று வருடத்துப் பிள்ளைகளை.

இதுவரை வந்த வாதத்தில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. இன்றைக்கு 14 வயதுப் பிள்ளைக்கு ஊசி போட்டால் அதன் பலன் எப்போது தெரியும்? தொற்று புற்றுநோயாக மாறப் பெரும்பாலும் பதினைந்து இருபது வருடம் ஆகும். ஆக 2045, 2050 வாக்கில்தான் மரணக் கணக்கில் குறைவு தெரியும். அதுவரை சாகப்போகிறவர்கள் யார்? இன்று 30, 40, 50 வயதில் இருப்பவர்கள். அந்தப் பிள்ளைகளின் அம்மாக்கள். ஊசித் திட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு புற்றுநோயை ஒழிக்கிறோம் என்றால், அம்மாக்களைக் கணக்கிலிருந்து சத்தமில்லாமல் எடுத்துவிட்டோம் என்று அர்த்தம்.

அம்மாக்களுக்கான சான்றும் அம்பிளிக்கையில்தான் தொடங்குகிறது. 2000-ல் தொடங்கிய ஒரு ஆய்வில், திண்டுக்கல் மாவட்டத்தில் 30 முதல் 59 வயதுப் பெண்களை ஊர் வாரியாகக் குலுக்கலில் பிரித்தார்கள். ஆர். சங்கரநாராயணன் குழு நடத்திய ஆய்வு அது. 49,311 பேருக்குப் பரிசோதனைக்கு அழைப்பு. பரிசோதனை என்ன? வினிகர். நாம் சமையலுக்கு வாங்குகிற அதே புளிக்காடி, நான்கைந்து சதவீத அமிலம். பயிற்சி பெற்ற செவிலியர் அதைப் பஞ்சில் நனைத்துக் கருப்பை வாயில் தடவிவிட்டு ஒரு நிமிடம் பொறுப்பார். நல்ல விளக்கு வெளிச்சத்தில் பார்த்தால், கோளாறு உள்ள இடம் வெள்ளையாகப் படர்ந்து தெரியும். தெரிந்தால், அந்த இடத்தைக் குளிரால் உறையவைத்து அழித்துவிடலாம். ஆய்வகம் வேண்டாம், முடிவுக்கு இரண்டு வாரம் காத்திருக்க வேண்டாம். அழைப்புப் பெற்ற ஊர்களில் மரணம் 35 சதவீதம் குறைந்தது என்று 2007-ல் எழுதினார்கள்.

அப்படியானால் எல்லா ஊரிலும் வினிகரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடலாமா? அங்கேதான் ஒரு முட்டுக்கட்டை. மகாராஷ்டிராவின் உஸ்மானாபாத் மாவட்டத்தில் 1,31,746 பெண்களை வைத்து நடந்த ஆய்வில், அதே வினிகர் முறையால் மரணம் குறிப்பிடும்படி குறையவில்லை. அங்கே வேலை செய்தது வைரஸையே நேராகக் கண்டுபிடிக்கும் டி.என்.ஏ. பரிசோதனை. ஒரே ஒரு தடவை செய்ததில் மரணம் ஏறக்குறைய பாதியானது. வினிகர் முறை பார்ப்பவரின் கண்ணையும் பழக்கத்தையும் நம்பி நிற்கிறது. டி.என்.ஏ. பரிசோதனை அப்படி இல்லை. உலக சுகாதார நிறுவனமும் 2021-ல் இதையே முதல் தேர்வாகச் சொன்னது. அதில் இன்னொரு சௌகரியம், மாதிரியைப் பெண் தானே எடுத்துக் கொடுக்கலாம். கால் விரித்துப் படுக்க வேண்டாம், முன்பின் தெரியாதவர் பார்க்க வேண்டாம். நம் ஊர்ப் பெண்கள் ‘அந்த டெஸ்ட்’டுக்கு ஏன் போவதில்லை என்று தெரிந்த யாருக்கும் இதன் மதிப்பு புரியும்.

தேவை எவ்வளவு என்றால், ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி (2019-21), 30 முதல் 49 வயது இந்தியப் பெண்களில் வாழ்நாளில் ஒரு தடவையாவது இந்தப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் 1.9 சதவீதம். தமிழ்நாட்டில் 9.8. நாம் முன்னணி என்று சொல்லிக்கொள்ளலாம்தான். பத்தில் ஒன்பது பேர் இன்னும் பாக்கி.

பரிசோதனை மட்டும் என்ற மூன்றாவது வழியின் குறை வேறு. அது ஒவ்வொரு தலைமுறைக்கும் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டிய வேலை. கோளாறு தெரிந்த பெண்ணுக்கு அன்றைக்கே, இல்லாவிட்டால் அந்த மாதமே சிகிச்சை கிடைக்க வேண்டும். ‘உனக்கு ஏதோ இருக்கிறது, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ’ என்று சீட்டு எழுதிக் கொடுத்து அனுப்புவது பரிசோதனை ஆகாது. ஆள், கருவி, மேல் சிகிச்சைக்கான வண்டி எல்லாம் தயாராக இல்லாத மாவட்டத்தில் பரிசோதனையை மட்டும் தொடங்குவது, என் பார்வையில், தொடங்காமல் இருப்பதைவிட மோசம்.

என் தேர்வு ஒரு டோஸ். ஆனால் ‘ஒரு டோஸ், மிச்சப் பணம் கஜானாவுக்கு’ என்றால் என் ஓட்டு கிடையாது. இரண்டாவது டோஸை விட்டதால் மிச்சமாகும் பணத்தை அதே வீட்டின் அம்மாவுக்குச் செலவிட வேண்டும். 35 வயதில் ஒன்று, 45-ல் ஒன்று என்று டி.என்.ஏ. பரிசோதனை. உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வகுத்த 2030-க்கான இலக்கிலேயே இது இருக்கிறது: 90 சதவீதச் சிறுமிகளுக்கு ஊசி, 70 சதவீதப் பெண்களுக்குப் பரிசோதனை, கண்டறியப்பட்டவர்களில் 90 சதவீதம் பேருக்குச் சிகிச்சை. அரசியல் மேடையில் முதல் 90 மட்டும்தான் பேசப்படுகிறது. ஊசி போடும் படம் நன்றாக வரும். பரிசோதனைக்கு யாரும் ரிப்பன் வெட்ட வருவதில்லை.

எல்லோருக்கும் ஒரே அளவு என்பதும் நியாயம் ஆகிவிடாது. எச்.ஐ.வி. தொற்றுள்ள பெண்களுக்கு இந்தப் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஆறு மடங்கு. ஒரு டோஸ் அவர்களுக்குப் போதும் என்பதற்குச் சான்று இல்லை. கென்ய ஆய்வில் அவர்களைச் சேர்க்கவே இல்லை. அவர்களுக்குக் குறைந்தது இரண்டு, முடிந்தால் மூன்று என்றுதான் வழிகாட்டுதலும் சொல்கிறது. மற்றவர்களிடம் ஒரு டோஸை மிச்சம் பிடிப்பதே இவர்களுக்கு மூன்று போட முடியவேண்டும் என்பதற்காகவும்தான். ஆண்பிள்ளைகள் பிறகு வரட்டும். பெண்பிள்ளைகள் பெரும்பாலோருக்குப் போட்டு முடித்தாலே ஆண்களுக்கும் தொற்று குறையும்.

எந்த வயது என்பதில் எனக்குக் கொஞ்சம் தயக்கம் உண்டு. 2025-26 தமிழ்நாடு பட்ஜெட்டில் 14 வயதுச் சிறுமிகளுக்கு இந்த ஊசி போட 36 கோடி ரூபாய் அறிவித்தார்கள். 14 வயது என்றால் ஒன்பதாம் வகுப்பு. அதற்குள் படிப்பை விட்டவர்கள் பட்டியலில் இருக்க மாட்டார்கள். முதல் வருடம் மட்டும் 9 முதல் 14 வரை எல்லோருக்கும் போட்டுவிட்டு, பிறகு ஐந்தாம் வகுப்பில் வழக்கமாகப் போடுவது நல்லது என்பது என் கருத்து. முதல் வருடச் செலவு எகிறும். ஒரு டோஸ் என்பதால்தான் அந்தச் செலவு யோசிக்கக்கூடியதாகவே ஆகிறது.

இன்னொரு கடன் பாக்கி இருக்கிறது. பிரிட்டனில் ஒரு பிள்ளை இன்று ஒரே ஊசியோடு வீட்டுக்குப் போவதில், பாதியில் நிறுத்தப்பட்ட அந்த 4,950 இந்தியப் பெண்களுக்கும் பங்கு உண்டு. அவர்களுக்கு இப்போது முப்பது வயதை ஒட்டி இருக்கும். திண்டுக்கல் ஆய்வில் ஒப்பீட்டுக்காக வைத்திருந்த, பரிசோதனை செய்யாத 30,958 பெண்களுக்கும் பங்கு உண்டு. அவர்களை அப்படி வைத்திருந்தது சரியா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. சான்று எந்த மண்ணில் விளைந்ததோ அந்த மண்ணுக்கு முதல் மரக்கால் என்பது விவசாயிக்குத் தெரிந்த முறை. இங்கே அறுவடை முதலில் வெளியூருக்குப் போனது.

கடைசியாக, பதிவேடு. ஒரு டோஸ் திட்டத்தில் யாருக்கு எந்தத் தேதியில் போட்டது என்ற குறிப்பு 20 வருடம் கழித்தும் கைக்குக் கிடைக்க வேண்டும். இல்லாவிட்டால் பலம் தேய்கிறதா என்று பார்க்கவும் முடியாது, தேய்ந்தால் திரும்பக் கூப்பிடவும் முடியாது. இந்திய ஆய்வில் கல்யாணமாகி 18 மாதம் ஆனதும், அல்லது முதல் பிள்ளை பிறந்து ஆறு மாதம் ஆனதும், எது முதலில் வருகிறதோ அப்போது அந்தப் பெண்ணிடம் மாதிரி எடுத்தார்கள். அதற்குள் அவள் வேறு ஊரில், வேறு வீட்டில் இருப்பாள், இனிஷியலும் மாறியிருக்கும். இருந்தும் கண்டுபிடித்துப் போனார்கள். நம் பள்ளிப் பட்டியலோ அந்தக் கல்வியாண்டு முடிந்ததும் தலைமையாசிரியர் அறை பீரோவுக்குள் போய்விடுகிறது.